காலி மனை வாங்குமுன்: வில்லங்கச் சான்றை எந்தெந்த சர்வே எண்ணுக்குப் போட வேண்டும்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் (அதற்கு முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா மூன்றுக்கும் நகல் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

1. பட்டா, அ-பதிவேடு, புலப்படம்

பட்டா உரிமையாளர் பெயரையும் அ-பதிவேடு நிலத்தின் வகையையும் காட்டும்; புலப்படம் எல்லைகளின் வரைபடம். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மூன்றையும் நீங்களே எடுங்கள். விற்பவர் நீட்டும் பிரிண்ட் அவுட் வேண்டாம். அ-பதிவேட்டில் 'ரயத்துவாரி' (தனியார் பட்டா நிலம்) என்று இருக்க வேண்டும். புறம்போக்கு, அரசுத் தரிசு, அனாதீனம் (உரிமையாளர் யாரென்று தெரியாத நிலம்), கோயில் என்று எது இருந்தாலும் விலகிவிடுங்கள். பஞ்சமி நிலமா (ஆதிதிராவிடர்களுக்கு அரசு ஒதுக்கியதா) என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். அதை ஆதிதிராவிடர் அல்லாதவர் வாங்கினால் கிரயம் செல்லாது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0-12.50 என்றால் பன்னிரண்டரை ஏர், அதாவது 30.9 செண்ட் (1 ஏர் = 2.47 செண்ட்). பத்திரம் 33 செண்ட் என்று சொன்னால், பட்டாவில் இல்லாத அந்த இரண்டு செண்டுக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை பேசுகிறார்கள்.

2. வில்லங்கச் சான்று

நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைப் பட்டியலிட்டுப் பதிவுத்துறை தரும் சான்று இது. பலரும் சறுக்குவது இங்கேதான். பத்திரத்தில் எந்த சர்வே எண் எழுதப்பட்டதோ அந்த எண்ணின் கீழ்தான் பதிவு ஏறும். இன்று மனை 142/3பி என்று வைத்துக்கொள்வோம். 1992 பாகப்பிரிவினையில் அது 142/3. 1976-இல் அடமானம் வைத்தபோது வெறும் 142. நீங்கள் 3பி-க்கு மட்டும் போட்டால் 'வில்லங்கம் இல்லை' என்று வரும், அடமானம் அப்படியே கிடக்கும். ஆகவே 142, 142/3, 142/3பி மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 1979-87 நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) உட்பிரிவுகள் நிறைய மாறின. பழைய எண் தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கும். இல்லாவிட்டால் வட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கிராமம் முன்பு வேறு அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் போடுங்கள்.

பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத ஒப்பந்தம் எதுவும் இதில் வராது. வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கலர் ஜெராக்ஸைக் காட்டி "அசல் வீட்டில் பத்திரமா இருக்கு" என்றால், அசல் அடகில் இருக்கலாம்.

பூர்வீகச் சொத்தானால் வாரிசுச் சான்றில் உள்ள மகள்களின் கையெழுத்தும் கட்டாயம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழகத்தில் வந்த 1989 திருத்தமும் பிறகு 2005 திருத்தமும் மகளுக்குச் சம உரிமை தந்துவிட்டன. "கல்யாணத்துக்கே செஞ்சாச்சு" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

3. நிலத்தில் இறங்கி அளப்பது

மொபைல் ஜி.பி.எஸ். செயலி வேண்டாம். சில மீட்டர் தள்ளிக் காட்டும், 40 அடி அகல மனைக்கு அது உதவாது. சர்வேயரை வைத்து, வேலியிலிருந்து அல்லாமல் சர்வே கல்லிலிருந்து டேப் பிடிக்கச் சொல்லுங்கள். வரப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நகர்த்தியிருப்பார்கள், கல் பெரும்பாலும் இடத்தில் இருக்கும்.

பாதையையும் பாருங்கள். கண்ணெதிரே வண்டித்தடம் இருக்கும், புலப்படத்தில் இருக்காது. அப்படியானால் அது பக்கத்துக்காரர் பட்டா நிலம். நாளைக்கே அவர் வேலி போடலாம். பதிவு செய்த பாதை உரிமை இல்லாமல் வாங்காதீர்கள்.

4. மனைப்பிரிவு அனுமதி

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது அனுமதியே அல்ல. டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தந்த அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தை அலுவலகத்தில் வாங்கி உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்துக்கே எண் போட்டு விற்பவர்கள் உண்டு.

5. பதிவு நாள்

காலையில் அதே மூன்று எண்களுக்கும் இன்னொரு முறை வில்லங்கம் பார்த்துவிட்டு, அதன் பிறகே மீதிப் பணத்துக்கு டிடி எடுங்கள்.