வீட்டிலிருந்து தொடரும் நுண்ணுயிர்கொல்லி ஊசி: வைத்தியசாலைப் பணியாளரை ஆயத்தப்படுத்தும் முறை

உடல் தேறிய பின்னரும் நாளத்தினூடாக ஏற்றும் நுண்ணுயிர்கொல்லிக்காக மாத்திரம் வைத்தியசாலை விடுதியில் தங்கியிருப்பவர்களுள் பலர், வீட்டிலிருந்தே அச்சிகிச்சையைத் தொடரலாம். 1974இல் அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இது கையாளப்பட்டமை பதிவாகியுள்ளது. ஆனால் வன்னியில் இதை நடத்த, மருந்தை எழுதும் வைத்தியர் மட்டும் அறிந்திருப்பது போதாது. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ கனுலா (மருந்து ஏற்ற நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) ஏற்றிய கை வீங்கி இரவில் வருபவரை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் தாதிய உத்தியோகத்தரே.

முதலில் பணியாளருக்குப் பெயர் எழுதத் தேவையற்ற சிறு வினாத்தாள் ஒன்றைக் கொடுங்கள். யாரை வீட்டுக்கு அனுப்பலாம், சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்ற வினாக்கள் அதில் இருக்கட்டும். மருந்தாளரையும் ஆய்வுகூடத்தினரையும் விட்டுவிட வேண்டாம்.

அதன் பின் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் அதிக நேரம் மருந்துத் தெரிவுக்கே தேவை. செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்கொல்லி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை போதுமாதலால், நோயாளி அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குச் சென்று அதைப் பெறலாம். ஆனால் வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும், நீரிழிவு உள்ளோரை அதிகம் தாக்கும் மெலியோய்டோசிஸுக்கு, குறைந்தது 10 முதல் 14 நாட்கள் வரை செஃப்டாசிடிம் போன்ற மருந்தை 6 முதல் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். போக்குவரத்து வசதியை எண்ணி அதற்குப் பதிலாகச் செஃப்ட்ரியாக்சோன் கொடுப்பது ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாத்திரையே போதுமா என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழ வேண்டும். எலும்பு, மூட்டுத் தொற்றுகள் பலவற்றில் வாய்வழி மருந்து ஊசிக்குக் குறைந்ததன்று என 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது.

முதல் வேளை மருந்தை வைத்தியசாலையிலேயே ஏற்றி, ஒவ்வாமை தோன்றுகிறதா எனக் கவனிக்க வேண்டும். கனுலா இடத்தில் சிவப்பு, வலி, வீக்கம், சீழ் காணப்பட்டாலோ நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ தாமதம் கூடாது. வாரந்தோறும் குருதிப் பரிசோதனை செய்து, சிறுநீரகத் தொழிற்பாட்டையும் குருதிக்கலங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் நோய் நிர்ணய அட்டையில் மருந்தின் அளவு, முடியும் திகதி, பொறுப்பான விடுதியின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். தெற்கிலிருந்து வந்து பணியாற்றும் தாதியரும் உள்ளமையால், நோயாளிக்கான அறிவுறுத்தல் தமிழிலும், பணியாளர் குறிப்பு அவர்கள் வாசிக்கும் மொழியிலும் இருப்பது நல்லது. இடமாற்றத்தில் பயிற்சி பெற்றவர் போய்ப் புதியவர் வரும்போதெல்லாம் அதே வினாத்தாளைக் கொடுத்து, பிழைத்த விடைகளை மட்டும் அந்த விடுதியிலேயே மீண்டும் விளக்குங்கள்.