துண்டு வெட்டிய பிறகு இன்சுலின் எவ்வளவு?

2021 ஓகஸ்டில், ஊரடங்குக்குள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டினார்கள், அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் மண்டூருக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டோவுக்குப் பாஸ் கிடைத்தது, அது பெரிய விஷயமில்லை. கோவிட்டுக்குக் கொடுத்த டெக்சாமெதசோன் சீனியை ஏற்றியதால் இன்சுலினைக் கூட்டியிருந்தார்கள். அந்தக் குளிசை நின்ற பிறகும் அதே அளவைப் போட்டால் சீனி விழுந்துவிடும். ஆஸ்பத்திரியில் தந்த கார்டில் கூட்டிய அளவு மட்டும்தான் இருந்தது.

வெளிக்கிடுமுன் மிஸ்ஸியைப் (தாதியை) பிடித்து, டொக்டரிடம் இரண்டு வரி எழுதுவித்தேன்: குளிசை எந்தத் திகதியில் முடிகிறது, அதன் பிறகு இன்சுலின் எவ்வளவு. (எழுத்து விளங்கவில்லை, வாசிக்கச் சொல்லிக் குரலையும் பதிந்துகொண்டேன்.) கார்டையும் கிளினிக் கொப்பியையும் படமெடுத்து களுவாஞ்சிகுடி கிளினிக் டொக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டில் விரலில் குத்திப் பார்த்த அளவுகளும் அவருக்கே போயின. குளிசை முடிந்ததும் ஒருநாள் விடிய சீனி 74 காட்டியது. அன்றைக்கே போனில் இன்சுலினை இன்னும் குறைத்தார்.