உறவுகள் கூடும் கோடையில் வளவுக்குள் ஆடக்கூடிய நீர் விளையாட்டுகள்

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியின் மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து முடிந்துவிடுகிறது. அதனால் சித்திரைப் புத்தாண்டுக்கோ ஆவணி மாதத்திலோ உறவினர்கள் வந்து கூடும்போது கிணறுகளில் நீர் இறங்கியே இருக்கும். ஆகவே, குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சியடிக்கும் விளையாட்டுகளை விடுத்து, பன்னிரண்டு பேருக்கு இரண்டு 20 லீற்றர் வாளிகளே போதுமான, சிந்தும் நீரும் மரத்தடியிலேயே சேரும் விளையாட்டுகளை இங்கு விளக்குகிறேன்.

முதலில் நேரமும் இடமும். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்பதால், மாலை நான்கு மணிக்கு முன்னர் பிள்ளைகளை வெளியில் இறக்க வேண்டாம். சீமெந்து முற்றம் நனைந்தால் வழுக்கும். தென்னையோ மாமரமோ நிற்கும் மணல் தரையே நல்லது. முள்ளையும் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். வளவில் கட்டில்லாக் கிணறு இருந்தால், விளையாடும் இடத்தை அதிலிருந்து நன்றாகத் தள்ளி அமைத்து, வேறெந்த வேலையும் இல்லாத பெரியவர் ஒருவரைக் கிணற்றுப் பக்கமாக நிறுத்துவது கட்டாயம். வாளியில் இருக்கும் சிறிதளவு நீரிலும் குழந்தைகள் மூழ்கக்கூடும் என்பதால், தவழும் பிள்ளைகளை யாராவது மடியில் வைத்திருக்க வேண்டும்.

இனி, முதல் விளையாட்டாகிய சிரட்டை ஓட்டம். ஆட்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு வாளி நீரைத் தொடக்கக் கோட்டில் வையுங்கள். பதினைந்து அடி தள்ளி, தென்னம்பாத்திக்குள் ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தல் ஒன்றைக் கழுத்துவரை தெரியும்படி மணலில் ஊன்றுங்கள். முதலாமவர் சிரட்டையில் நீரை அள்ளி, நடந்தோ ஓடியோ சென்று போத்தலில் ஊற்றித் திரும்பி, சிரட்டையை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்; எந்த அணியின் போத்தல் முதலில் நிரம்புகிறதோ அந்த அணிக்கே வெற்றி. போத்தலின் வாய் குறுகியது என்பதால், அவசரப்பட்டு ஊற்றுபவரின் நீரில் பாதி வெளியேதான் போகும். பொறுமையாகச் சாய்த்து ஊற்றுபவரே அணியை முன்னுக்குக் கொண்டுவருவார்.

இங்கே சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சிரட்டையே சரிசெய்துவிடும். கண் சிரட்டையின் மெல்லிய கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால், நீர் துளித்துளியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். அதைப் பெரியவர்களுக்குக் கொடுத்து, கண்ணில்லாத பாதியைச் சிறுவர்களுக்குக் கொடுங்கள். விரலால் கண்ணை அடைப்பது ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கதிரை போட்டு நடுவராக அமர்த்தினால் அவர்களும் விளையாட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஈரத்துணி கடத்தல். அணியினர் ஒருவர் பின் ஒருவராக நிற்க, முன்னால் நிற்பவர் பழைய துவாயொன்றை வாளியில் தோய்த்துத் தலைக்கு மேலாகப் பின்னுக்குக் கடத்துகிறார். கடைசி ஆள் அதைப் பேணிக்குள் பிழிந்துவிட்டு முன்னுக்கு ஓடிவந்து மீண்டும் தோய்க்க வேண்டும். எல்லோரும் நனைவது இதில்தான்.

மூன்றாவதாக, இருவர் இருவராகச் சாரமொன்றின் நான்கு மூலைகளைப் பிடித்து, நீரில் ஊறிய துணிப்பந்தை எதிர் இணைக்கு எறிந்து ஏந்தலாம். நீர் பலூனை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெடித்துச் சிதறும் றப்பர் துண்டுகளை ஆடு மாடுகள் தின்றுவிடும். சோளகம் எனும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்குக் குறுக்கே நில்லாமல், காற்றின் போக்கிலேயே இரு இணைகளும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

முடிந்ததும் மீதி நீரைக் கத்தரிக்கோ வாழைக்கோ ஊற்றிவிடுங்கள். சிரட்டை, பேணி, போத்தல் எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் பெருகிவிடும்.