காற்று எத்தனை மணிக்குத் திரும்பும்? விக்டோரியா கோடையில் வானிலை அறிக்கையைப் படிக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜனவரி நடுக்கோடை. மெல்பர்னுக்குப் புதிதாக வந்த நம் ஆட்கள் அந்த மாத வானிலை அறிக்கையில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். "நாளைக்கு 41 டிகிரியாம். சாயங்காலம் கூல் சேஞ்ச் வருதாம், தப்பிச்சோம்." நான் கரூர்க்காரி, 41 டிகிரியைப் பார்த்து மிரள மாட்டேன். நான் தேடுவது அந்தக் கூல் சேஞ்ச், அதாவது அனல்காற்று குளிர்காற்றாகத் திரும்புவது, எத்தனை மணிக்கு என்பதை.

காரணம் என் வேலை. வீடு பேக்கன்ஹாமில். வேலை மலைப்பக்கம். எமரால்டு, காக்கட்டூ, ஜெம்புரூக் ஊர்களில் தனியாக வசிக்கும் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மதியத்துக்கு ஏதாவது செய்து வைத்துவிட்டு வருவேன். சுற்றிலும் யூகலிப்டஸ் காடு, பல இடங்களில் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலை. என்றைக்கு மலையேறலாம், எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது தெரியாமல் இந்த வேலை பார்க்க முடியாது.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊரில் வடக்கேயிருந்து வரும் வாடை குளிரும். இங்கே வடகாற்றுதான் அனல். கிழக்கே தாஸ்மன் கடல் மேல் ஓர் உயரழுத்தம் (காற்றழுத்தம் கூடிய பகுதி) உட்கார்ந்துகொண்டால், அதைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடும் காற்று, நாட்டின் நடுவிலுள்ள பாலைவனச் சூட்டை அப்படியே விக்டோரியாவுக்கு இழுத்து வரும். மேற்கிலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, நெருங்க நெருங்க அந்த வடகாற்றின் வேகம் கூடும். முகப்பு கடந்ததும் காற்று சட்டென்று தென்மேற்குக்கு மாறும். சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். நகரத்துக்குள் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து விட்டு "அப்பாடா" என்பார்கள்.

அந்த நேரத்தில் காட்டில் தீ எரிந்துகொண்டிருந்தால் நிலைமையே வேறு. வடகாற்றில் ஓடும் தீ வெண்டைக்காய் மாதிரி ஒல்லியாக, நீளமாகத் தெற்கே போகும். முனை மட்டும்தான் வேகமாக முன்னேறும், பக்கவாட்டில் அவ்வளவு வேகம் இருக்காது. தென்மேற்குக் காற்று அடித்ததும் கிழக்குப் பக்கத்து நீள விளிம்பு முழுவதும் முனையாகிவிடுகிறது. பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தீ வடகிழக்கே பாயும். அதுவரை "தீ நம்மைத் தாண்டிப் போகிறது" என்று நினைத்த ஊர் அதன் வழியில் வந்துவிடும். 1983 பிப்ரவரி 16 அன்று அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் காற்று திரும்பியபோது 12 தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் சிக்கி இறந்தார்கள். அந்த இடம் என் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான். 2009 பிப்ரவரி 7, மெல்பர்னில் 46.4 டிகிரி. அன்றைய தீயில் மாநிலம் முழுவதும் 173 பேர் போனார்கள். மேரிஸ்வில் ஊரைத் தீ அழித்தது காற்று திரும்பிய பிறகுதான்.

சரி, அறிக்கைக்கு வருவோம்.

கோடை தொடங்கும் முன்பே பருவகால முன்னறிவிப்பு வந்துவிடும். அதில் "வழக்கத்தைவிட வெப்பமாக இருக்க வாய்ப்பு" என்று வருவது மூன்று மாதத்துச் சராசரியைப் பற்றிய கணிப்பு. எந்தச் செவ்வாய்க்கிழமை ஆபத்து என்று அது சொல்லாது. ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: வசந்தத்தில் நல்ல மழை என்றால் புல் இடுப்பளவு வளரும், டிசம்பரில் காய்ந்துவிடும். மெல்பர்னின் வெளிப்புறத்தில் டார்னிட், மெல்ட்டன், கிரெய்கிபர்ன் பக்கம் வீடு வாங்கிவிட்டு "இங்கே காடே இல்லையே" என்று சொல்பவர்களுக்கு இது. புல்தீ காட்டுத்தீயைவிட வேகமாக ஓடும், ஓடித் தப்பிக்க முடியாது.

வாரக்கணக்கு முன்னறிவிப்பை வானிலைத் துறையின் செயலியில் பாருங்கள். வெப்பநிலைக்குக் கீழே காற்றைப் பற்றி ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி அதுதான். "வடக்கிலிருந்து மணிக்கு 35 முதல் 50 கிலோமீட்டர், பிற்பகலில் தென்மேற்காக மாறும்" என்கிற ரீதியில் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த வேகம் சராசரிதான். இடையிடையே வீசும் பலத்த காற்று அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம். 36 டிகிரியோடு அப்படி ஒரு காற்று வந்தால், காற்றில்லாத 41 டிகிரியைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

அப்புறம் தீ அபாய அளவு. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் நான்கே படிகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் (பேரழிவு). சாலையோர அரைவட்டப் பலகையில் முள் காட்டுவது இதைத்தான். தீ பிடித்தால் எவ்வளவு மோசமாகும் என்பதன் அளவு அது. தீ உண்மையிலேயே பிடித்துவிட்டால் வருபவை வேறு: மஞ்சள் நிறத்தில் அட்வைஸ், ஆரஞ்சில் வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பில் எமர்ஜென்சி வார்னிங். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. எச்சரிக்கை வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பவர்களும் நிறைய, அதற்குள் சாலையைப் புகை மூடியிருக்கும். கேட்டஸ்ட்ராஃபிக் என்று அறிவித்தால் மலையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முந்தின இரவே இறங்கிவிடுவது நல்லது, தாமதித்தால் விடிகாலைக்குள்.

கேட்டஸ்ட்ராஃபிக் இல்லாத, ஆனால் கூல் சேஞ்ச் வரும் நாளில் காலையில் நான் செய்வது இது. காற்று மேற்கிலிருந்து கடலோரமாகத்தான் திரும்பி வரும். அதனால் மவுண்ட் கேம்பியர், போர்ட்லண்ட், வார்னம்பூல், கேப் ஆட்வே, ஜீலாங் என்று நிலையங்களின் நேரடிப் பதிவுகளை வரிசையாகப் பார்ப்பேன். வார்னம்பூலில் காற்றின் திசை வடக்கிலிருந்து தென்மேற்காகி, வெப்பநிலை தடாலென்று விழுந்திருந்தால், மெல்பர்னுக்கு வர மூன்று நான்கு மணி நேரம் என்று கணக்கு. அதை நம்பி நிமிடக் கணக்குப் போடாதீர்கள், கடலோரத்தில் அது சில சமயம் முந்தி ஓடிவந்துவிடும். ஜீலாங்கில் திரும்பிவிட்டது என்றால் நான் அதற்குள் பேக்கன்ஹாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

காக்கட்டூவில் நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் கதவுக்குப் பின்னால் ஒரு கித்தான் பை வைத்திருக்கிறார். ஒரு வாரத்துக்கான மாத்திரை, பழைய மூக்குக்கண்ணாடி, காப்பீட்டுத் தாள், பாட்டரி ரேடியோ, பூனைக்கு ஒரு டப்பா தீனி, சுத்தமான கம்பளி ஒன்று. கம்பளி எதற்கு என்றால், அனலிலிருந்து உடம்பை மறைக்க. நைலான், பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும், கம்பளியும் கெட்டிப் பருத்தியும் அப்படி உருகாது. அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயில் யூகலிப்டஸ் பட்டை நாடா நாடாவாகச் சுருண்டு கிடக்கும். அதை நவம்பரிலேயே ஆள் வைத்து அள்ளிவிடச் சொல்வேன். வீடுகள் பெரும்பாலும் பறந்து வரும் தீப்பொறியில்தான் பிடிக்கின்றன, தீ வாசலுக்கு வர வேண்டியதில்லை.

டோட்டல் ஃபயர் பேன் அறிவித்தால் நள்ளிரவு 12 மணியிலிருந்து அன்றிரவு 11.59 வரை திறந்தவெளியில் விறகு, கரி எதுவும் கூடாது. எமரால்டு வழியாகப் போகும் பஃபிங் பில்லி நீராவி ரயிலே அன்றைக்கு டீசல் இன்ஜினில்தான் ஓடும். பொங்கல் இந்த ஊரில் நடுக்கோடையில் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். கொல்லையில் செங்கல் வைத்து விறகு மூட்டிப் பானை ஏற்றுவது தடை நாளில் நடக்காது. ஹோமமும் அப்படித்தான். கேஸ் பார்பிக்யூ என்றால், சுற்றிலும் மூன்று மீட்டருக்கு எரியக்கூடியது ஏதும் இல்லாமல், குழாயில் மாட்டிய ஹோஸோ பத்து லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வைத்து, பெரியவர் ஒருவர் அங்கேயே நின்றால் அனுமதி உண்டு. என்னைக் கேட்டால், அடுப்படியிலேயே பொங்க வையுங்கள். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காற்று திரும்பியதும் ஜன்னலைத் திறக்குமுன் வெளியே முகர்ந்து பாருங்கள். புகை இருந்தால் மூடியே வையுங்கள். எவாப்பரேட்டிவ் கூலரையும் நிறுத்துங்கள், அது வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். குளிர்ந்துவிட்டது என்பதால் மாநிலத்தின் அவசர எச்சரிக்கைகள் வரும் விக்எமர்ஜென்சி செயலியை மூடிவிட வேண்டாம். பல தடவை மழையே இல்லாத வெறும் காற்றுதான் வரும், தீ அதன்பிறகும் பல மணி நேரம் ஓடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால், நீங்கள் வேலைக்குப் போகும்முன் மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஆபத்து என்றால் 000. தீ நிலவரம் கேட்க 1800 226 226. நிலவரம் கேட்க ஆங்கிலம் தடுமாறினால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-க்கு அழைத்து "தமிழ்" என்று சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்து அந்த 1800 எண்ணுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். ஒரு தடவை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே 131 450-க்கு அவர்களையே பேச வைத்துப் பாருங்கள்.