டெர்பி காருக்கு வெல்டிங்: பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறை

அமெரிக்கக் கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) திருவிழாக்களில் நடக்கும் டெமாலிஷன் டெர்பியில் பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். கடைசிவரை ஓடுகிற கார் ஜெயிக்கும். பல இடங்களில் சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. அங்கே கதவு திறந்துகொண்டால் உள்ளே இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால் கதவு திறக்காதபடி மூடி வைக்கும் வெல்டிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள்.

முதலில் விதிகள். எங்கே, எவ்வளவு நீளம், எந்தக் கனத் தகடு என்பது போட்டிக்குப் போட்டி மாறும். கூடுதலாக வைத்தால் பரிசோதனையில் வெட்டி எடுக்கச் சொல்வார்கள்.

காரைக் காலி செய்யுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, ஏர்பேக்குகளை எடுங்கள். இதைப் பெரியவர் செய்யட்டும். அப்புறம் கண்ணாடி, கார்ப்பெட், இருக்கைப் பஞ்சு, பெட்ரோல் டேங்க் எல்லாம் வெளியே. காலி டேங்க்கிலும் ஆவி இருக்கும். அதன் பக்கத்தில் பொறி பறக்கவே கூடாது. பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் விஷவாயு உண்டாகும்.

பழகுவது கழிவுத் தகட்டில். தோல் கையுறை, பருத்திச் சட்டை, 10ஆம் எண் கருப்புக் கண்ணாடியுள்ள வெல்டிங் ஹெல்மெட் போட்டுவிடுங்கள். தொடங்குபவர்களுக்கு மிக் (MIG) மிஷின்தான் என் தேர்வு; கையில் பிடிக்கும் கன் வழியாக வெல்டிங் கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும். இரண்டு கையாலும் கன்னைப் பிடிக்கலாம். வாயு தேவையில்லாத ஃபிளக்ஸ் வயர் (உள்ளே பொடி அடைத்த கம்பி) என்றால் கன் மிஷினின் நெகட்டிவ் முனையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பொறிதான் மிஞ்சும்.

ஆர்க்கின் (கம்பி நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின்) வெளிச்சத்தைப் பார்க்காமல், அதன் பின்னால் உருகி நிற்கும் இரும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இரு பக்க விளிம்பையும் நனைத்த பிறகே கை நகர வேண்டும். வயர் வரும் வேகம் சரியாக இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும். ஆறியதும் அந்தத் துண்டை வைஸில் மாட்டிச் சுத்தியலால் வளைத்து உடைக்கட்டும். வெல்டிங் அப்படியே பெயர்ந்து வந்தால் அது உள்ளே பிடிக்கவே இல்லை. இந்தப் பாடத்துக்கு இணையானது எதுவும் இல்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

இனி கதவு. பெயின்ட், துத்தநாகப் பூச்சு, சீலர் எல்லாவற்றையும் கிரைண்டரால் இரும்பு பளபளக்கும்வரை எடுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், எனவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். எர்த் கிளாம்ப்பை (மின்சாரம் மிஷினுக்குத் திரும்பும் கவ்வியை) வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கதவு இடைவெளிமேல் 3 மி.மீ. பட்டை வைத்து நான்கு மூலையிலும் டேக் (நகராமல் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டிங்) போடுங்கள். காரின் தகடு 1 மி.மீ. அளவுக்கும் குறைவு, சட்டென்று ஓட்டை விழும். ஆர்க்கைக் கனமான பட்டையில் வைத்து, உருகியது தகட்டின் மேல் வழிய விடுங்கள். ஓர் அங்குலம் போட்டு, வேறு மூலைக்குப் போய், பிறகு திரும்புங்கள்.

முடிந்ததும் தகட்டின் பின்பக்கம் புகைகிறதா என்று பாருங்கள். தீயணைப்பானோடு குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.