யாழ்ப்பாணத்து ஐம்பதுகளின் கார்களைப் படம் பிடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கிராமத்து வீதிகளில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40ஓ ஓடிப் போவதை இன்றைக்கும் காணலாம். கண்காட்சிக்காகத் துடைத்து வைத்த கார்கள் என்று நினைக்காதீர்கள். பின்சீற்றில் வெங்காய மூட்டை இருக்கும், இல்லாவிட்டால் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் இருக்கும். பிறந்து எழுபது வருடம் ஆன கார்கள் இப்படி வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கமராவைத் தூக்கத் தோன்றும்.

நீங்களும் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் பெரிய கமரா வேண்டாம், கையில் இருக்கும் ஃபோனே காணும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தக் கார்களின் வடிவு அவற்றின் ஓட்டத்தில் இருக்கிறது. ஒட்டுப்போட்ட மட்காட், வேறு காரிலிருந்து கழற்றிப் பூட்டிய கைப்பிடி, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த ஸ்ரியறிங் எல்லாம் படத்தில் வரவேண்டும். அவற்றை மறைத்து எடுத்தால் எந்த நாட்டிலும் எடுத்திருக்கக்கூடிய ஒரு கார்ப் படம்தான் கிடைக்கும்.

1. முதலில் காரைப் படியுங்கள்

எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் கண் வெறும் பெயின்ற்றில்தான் நிற்கும். மொறிஸ் மைனரையே எடுங்கள். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுக்கமாய் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதை நெடுக நடுவால் வெட்டச் சொல்லி, இரண்டு பாதியையும் 4 அங்குலம் விலக்கிப் பார்த்துத்தான் கடைசி அகலத்தை முடிவு செய்தார். அந்த 4 அங்குலத்தின் அடையாளம் பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டியாக இன்னும் இருக்கிறது. மிகப் பழைய மைனர்களில் பம்பரைக்கூட நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தியிருப்பார்கள். இது தெரிந்தபின் நீங்கள் பொனற்றைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

முன் கண்ணாடி இரண்டு துண்டாக நடுவில் கம்பியோடு இருந்தால் அந்த மைனர் 1956க்கு முந்திய வடிவம். ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அந்த வருடம் வந்த மைனர் 1000, இல்லையென்றால் அதற்குப் பிந்தியது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து எழும்பி, காகம் சிறகை விரித்த மாதிரி நிற்கும் சின்னக் கை ஒன்று சில கார்களில் இருக்கும். அதுதான் அந்தக் காலத்துத் திருப்பச் சைகை. 1961 வரை வந்த மைனர்களுக்கு அது உண்டு. வேலை செய்கிற கை ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், உள்ளே விளக்கு எரிய ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் 1952 முதல் 1954 வரை வந்தது. உருண்டு திரண்ட உடல், பொனற் நுனியில் பறக்கிற 'ஏ' எழுத்து. அதற்குப் பிறகு வந்த கேம்பிரிட்ஜ் கொஞ்சம் சதுரமானது. மொறிஸ் கார்களின் சின்னத்தை நெருங்கிப் பாருங்கள். ஒரு எருது ஆற்றைக் கடக்கிறது. ஒக்ஸ் என்றால் எருது, ஃபோர்ட் என்றால் ஆற்றைக் கடக்கும் துறை; ஒக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரின் பெயரை அப்படியே படமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே வந்த மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் இந்தியாவில் அம்பாசிடர் ஆகி 2014 வரை உற்பத்தியானது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஊர் ஒக்ஸ்ஃபோர்டைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டமாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம்.

2. உரிமையாளரோடு கதையுங்கள்

படம் எடுக்க முதல் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதையுங்கள். "ஐயா, இது எந்த வருசத்துக் கார்?" என்று கேட்டாலே போதும், அரை மணித்தியாலம் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்தில் எங்கே படம் எடுக்க வேண்டும் என்று அவரே உங்களுக்குக் காட்டிவிடுவார்.

எனக்கு அப்படிக் காட்டியவர் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தப் பழைய இஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவர் பொனற்றைத் திறந்து, பெற்றோல் விட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரலும் இஞ்சினும் இருக்கிற படம்தான் நான் இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது. காரின் முழு உருவம் அதில் இல்லவே இல்லை.

இலக்கத் தகட்டைப் பற்றியும் கேளுங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை பதிவான கார்களில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதன்பின் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அந்த எழுத்துக்குத் தமிழர்கள் தார் பூசி எதிர்த்ததும், 1958இன் கலவரத்துக்கு முன் அது பெரிய பிரச்சினையாக வளர்ந்ததும் வரலாறு. ஒரு தகட்டுக்குள் இவ்வளவு இருக்கிறபடியால் நான் அதை வெட்டி எறிவதில்லை. ஆனால் இணையத்தில் போட முதல் உரிமையாளரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் இலக்கத்தை மறைத்துப் போடுங்கள், முழுப் படத்தை அவருக்கு மட்டும் கொடுங்கள்.

3. நேரமும் இடமும்

ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாகச் சூரியன் எழும். அதிலிருந்து ஒரு மணித்தியாலம் உங்களுடையது. எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வெயில் கூரையில் வெள்ளையாய் அடித்து, மட்காட்டுக்குக் கீழே கறுப்பாய்ப் போய்விடும். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு மறுபடி நல்ல வெளிச்சம் வரும். குடாநாடு தட்டையானது, மலை மறைப்பதில்லை. அதனால் சூரியன் கடைசி நிமிடம்வரை காரின் பக்கவாட்டில் படிந்து கிடக்கும்.

மாரி காலத்தில் வானம் மூடிக் கிடக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கறுப்புக் காருக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முழு வானமும் ஒரு பெரிய விளக்காகி, பொனற்றின் வளைவை மெல்லிய வெள்ளைக் கோடாக எழுதிக் காட்டும்.

இடத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். கிடுகு வேலி, சுண்ணாம்புக்கல் மதில், பனை வரிசை எல்லாம் காருக்குப் பின்னால் அமைதியாக நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பாதை. வெள்ளையோ இளம்பச்சையோ ஆன காரை அங்கே நிறுத்திப் பாருங்கள். மண்ணின் சிவப்பு கதவின் கீழ்ப்பாதியில் ஏறி நிற்கும், அப்படியொரு நிறத்தை எந்தச் செயலியாலும் பின்னர் போட முடியாது. பண்ணைப் பாலத்தில் கடல்நீரின் வெளிச்சம் இரண்டு பக்கத்தாலும் வரும், அதுவும் அருமை. ஆனால் உப்புக் காற்று பழைய தகட்டைத் தின்னும், அதனால் அங்கே நெடுநேரம் நிறுத்தச் சொல்லாதீர்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரால் காரைக் கழுவ நீங்களும் கைகொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தூசியை உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ற்றில் கோடு விழுந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு மெல்லிய துணி.

4. தள்ளி நில்லுங்கள், குனியுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் விடும் பிழை மிகக் கிட்டப் போவதுதான். மைனரின் நீளம் ஏறக்குறைய 3.76 மீற்றர். ஃபோனின் சாதாரண லென்ஸில் பக்கவாட்டாக முழுக் காரும் அடங்க மூன்றரை, நாலு மீற்றர் போதும். ஆனால் அவ்வளவு கிட்ட நின்று முன்மூலையிலிருந்து எடுத்தால் ஹெட்லைற் பூசணிக்காய் மாதிரி வீங்கி, பின்பக்கம் சுருங்கிவிடும். மூன்று மடங்கு லென்ஸுக்கு மாற்றிப் பத்து மீற்றர் தள்ளிப் போங்கள். கமராவில் என்றால் 70 அல்லது 85 மில்லிமீற்றர். கார் கண்ணால் பார்த்த உருவத்துக்குத் திரும்பிவிடும்.

அடுத்து, முழங்காலில் இருங்கள். கமரா ஹெட்லைற்றின் உயரத்துக்கு வரட்டும். நின்றபடி எடுத்தால் கூரைதான் அதிகம் தெரியும்.

முதல் படத்துக்கு முன்மூலையில் நின்று, முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிய எடுங்கள். நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் திருப்பச் சொன்னால் முன் சில்லின் முகம் உங்களை நோக்கி வரும். வட்ட மூடியும் அதில் உள்ள எழுத்தும் வடிவாய்த் தெரியும். இந்தக் கார்களுக்குப் பவர் ஸ்ரியறிங் கிடையாது. நின்ற நிலையில் திருப்பினால் ரயருக்கும் இணைப்புகளுக்கும் பாரம், ஆகவே மெதுவாக உருட்டியபடி திருப்பச் சொல்லுங்கள்.

5. குரோமியத்தில் நீங்களும் இருப்பீர்கள்

பம்பரும் வீல் கப்பும் கண்ணாடிதான். சிவப்புச் சேட்டோடு போனால் சிவப்புப் புள்ளி ஒன்று எல்லாப் படத்திலும் இருக்கும். கறுப்பு அல்லது கடும் நீலம் உடுத்துங்கள். நேர் முன்னால் நிற்காமல் ஒரு அடி பக்கம் நகருங்கள், உங்களுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்றும் பாருங்கள். மோட்டார் சைக்கிள், குப்பை வாளி, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் பம்பருக்குள் வந்துவிடும். பிள்ளைகள் வந்தால் நான் விட்டுவிடுவேன்.

போலரைசர் என்ற வடிகட்டியை வாங்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். கண்ணாடியிலும் பெயின்ற்றிலும் விழும் வானத்தின் பளபளப்பை அது குறைக்கும், உண்மை. ஆனால் வெறும் உலோகத்தில் அது பெரிதாக எதையும் செய்யாது. குரோமியத்தின் பளிச்சை அதால் போக்கலாம் என்று எதிர்பார்த்துக் காசைச் செலவழிக்காதீர்கள், நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் வழி. இரண்டு துண்டுக் கண்ணாடி உள்ள மைனரில் இன்னொரு விசயம் உண்டு. இரண்டு துண்டும் வேறு வேறு கோணத்தில் இருப்பதால் ஒன்றில் வானம் தெரியும், மற்றதில் பனைமரம் தெரியும். கொஞ்சம் இடம் வலம் நகர்ந்து அதற்காகக் காத்திருங்கள்.

6. வெளிச்ச அளவு

கறுப்புக் காரைக் கமரா சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளைக் காரையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுப்புக்கு வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள், வெள்ளைக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ஃபோனில் பொனற்றைத் தொட்டுவிட்டுச் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் சரி. கமராவில் லென்ஸின் திறப்பை முழுக் காருக்கு எஃப் 8, சின்ன விசயங்களுக்கு எஃப் 2.8 அல்லது 4 என்று தொடங்குங்கள், அப்புறம் கையே பழகிவிடும்.

7. உள்ளே

கதவைத் திறக்க அனுமதி கேளுங்கள். பழைய கீல்கள் தளர்ந்திருக்கும், உரிமையாளரே திறக்கட்டும். நீங்கள் பின்சீற்றில் இருந்து முன்பக்கம் எடுங்கள். மைனர் 1000இல் வேகமானி நடுவில் இருக்கும், மைல் கணக்கில். அதன் அருகே சாமிப் படம், காய்ந்த பூ, திருநீற்றுப் பை இருந்தால் ஒன்றையும் அகற்ற வேண்டாம். ஓட்டுநரின் கை ஸ்ரியறிங்கில் இருக்கட்டும். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாய்ப் போனாலும் பரவாயில்லை, கைக்கு வெளிச்சம் சரியாக வந்தால் போதும்.

8. ஓட்டத்தில்

நின்ற காரை எடுத்துப் பழகியபின் இதற்கு வாருங்கள். ஆளில்லாத நேரான பாதை ஒன்றில் வீதியோரம் பாதுகாப்பாக நில்லுங்கள். காரை மணிக்கு 30 கிலோமீற்றரில் கடந்து போகச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் 1/30 செக்கன். காரின் கதவுக் கைப்பிடியில் கண்ணை வைத்து, இடுப்பால் திரும்பி, அதன் வேகத்தோடு கமராவைக் கொண்டுபோய் நடுவழியில் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்த வேண்டாம். இருபது தடவை எடுத்தால் இரண்டு சரிவரும். அந்த இரண்டிலும் வேலி கோடுகளாய் ஓடும், கார் தெளிவாய் நிற்கும். ஓட்டுநர் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரவேண்டும், ஆகவே பெற்றோல் காசை முதலே கொடுத்துவிடுங்கள்.

9. கொண்டாட்டம்

காரைக் கொண்டாட எங்களிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூசை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூமாலை போட்டு, ரயருக்குக் கீழே தேசிக்காய் வைக்கும் அந்தக் காலைக்கு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கார் புறப்பட்டுத் தேசிக்காய் நசியும் கணத்துக்குத் தரையோடு தரையாகக் கமராவை வைத்துக் காத்திருங்கள். காருக்கு முன்னால் குடும்பத்தையும் நிறுத்துங்கள். வீட்டில் பழைய கலியாணப் படம் ஒன்றில் இதே கார் நின்றால், அதே இடத்தில் அதே வரிசையில் அவர்களை மறுபடி நிற்கச் சொல்லுங்கள். 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் காணாமல் போயின. சில வீடுகளில் கார் திரும்பி வந்தது, படம் வரவில்லை. அவர்களுக்கு நீங்கள் எடுப்பதே முதல் படமாக இருக்கலாம்.

எடுத்ததை ஃபோனில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: காரின் பெயர், வருடம், முதலில் வாங்கியவர் யார், இப்போது ஓட்டுகிறவர் யார், படம் எடுத்த ஊர், தேதி. வருடம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து அவரே நிரப்புவார்.