5 மில்லிகிராம் ஈரலில் கேட்டலேஸ் அளப்பது எப்படி?

சுண்டெலி ஈரலில் ஒரு சின்னத் துண்டுதான் கையில் இருக்கிறது, அதிலேயே வேறு சோதனைகளும் பாக்கி என்றால் ஃப்ளோரசன்ஸ் (ஒளிர்வை அளக்கும்) முறைதான் தோது. கேட்டலேஸ் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி. தெரிந்த அளவு பெராக்சைடை அதற்குக் கொடுக்கிறோம். அது சிதைத்தது போக மிஞ்சியதைக் கொண்டு, எச்.ஆர்.பி. (ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ்) நொதி, ஆம்ப்ளெக்ஸ் ரெட் என்ற வேதிப்பொருளை ஒளிரும் ரெசோருஃபினாக மாற்றும். ஒளி குறைந்தால் கேட்டலேஸ் அதிகம். புதியவர்கள் இதைத்தான் தலைகீழாகப் படிப்பார்கள்.

முதலில் ரத்தம். சிவப்பணுக்களில் கேட்டலேஸ் கொட்டிக் கிடக்கிறது. உறுப்பை எடுக்கும் முன்பே ரத்தக்குழாய் வழியாகச் சலைன் ஓட்டிவிடுங்கள்; வெட்டிய பிறகு அலசினால் மேலே ஒட்டியதுதான் போகும்.

அப்புறம் 5 மில்லிகிராம் திசுவை ஐஸ் மேல் வைத்து, 100 மைக்ரோலிட்டர் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். 7) அரையுங்கள். 0.1% ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்தால்தான் செல்லில் உள்ள பெராக்ஸிசோம் என்ற சின்னப் பைகளுக்குள் இருக்கும் நொதி வெளியே வரும். சோடியம் அசைடு கலந்த பஃபர் கூடவே கூடாது, அது கேட்டலேஸையே முடக்கும். டி.டி.டி.யும் (டைதயோத்ரெய்ட்டால்) வேண்டாம், அது ஆம்ப்ளெக்ஸ் ரெட் அளவீட்டைக் கெடுக்கும். 4 டிகிரியில் 10,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த சாற்றை எடுங்கள்.

இந்தச் சாற்றை அப்படியே போடாதீர்கள். ஈரலில் குளுட்டாதயோன் (டி.டி.டி. போலவே தயால் வகைப் பொருள்) மில்லிமோலார் கணக்கில் இருக்கும். 10 மைக்ரோமோலாரைத் தாண்டினாலே ஆம்ப்ளெக்ஸ் ரெட் அளவீடு கெடும். 100, 500, 2500 மடங்கு நீர்த்துப் பார்த்து, அளவுகோட்டின் (தெரிந்த அளவு தூய கேட்டலேஸை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) நடுப்பகுதியில் விழுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெராக்சைடு பாட்டில் நாளாக ஆக வலுவிழக்கும், லேபிளை நம்ப வேண்டாம். 10 மில்லிமோலார் கரைசல் 1 செ.மீ. குவெட்டில் 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சுமார் 0.436 காட்ட வேண்டும்.

சரி, குழிகள் உள்ள கருப்புப் பிளேட்டை எடுங்கள். ஒரு குழியில் சாறு 25 மைக்ரோலிட்டர், 40 மைக்ரோமோலார் பெராக்சைடு 25. அறை வெப்பத்தில் 30 நிமிடம். பிறகு ஆம்ப்ளெக்ஸ் ரெட் (100 மைக்ரோமோலார்), எச்.ஆர்.பி. (மில்லிலிட்டருக்கு 0.4 யூனிட்) சேர்ந்த கலவை 50 மைக்ரோலிட்டர். வெளிச்சம் படாமல் 37 டிகிரியில் இன்னொரு 30 நிமிடம். 540 நானோமீட்டரில் தூண்டி 590இல் ஒளியைப் படியுங்கள்.

கேட்டலேஸ் இல்லாத குழி, பெராக்சைடு இல்லாத குழி இரண்டும் கட்டாயம். முதலாவதிலிருந்து உங்கள் மாதிரியின் ஒளியைக் கழித்து, தூய கேட்டலேஸ் அளவுகோட்டோடு ஒப்பிடுங்கள். கிடைத்ததை நீர்த்த மடங்கால் பெருக்கி, பி.சி.ஏ. என்ற புரதச் சோதனையில் அளந்த புரதத்தால் வகுத்தால் மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை யூனிட் என்று வரும்.